மட்டம் பார்த்த கதை

நமது தொழில் தோட்டக் கிராணி வேலை. வயது 35. சிலாங்கூர் மாநிலத்தின் கடலோரச் சமவெளியிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தின் காரியாலயத்தில், பெயர் பதிந்தும், சம்பளம் கணக்கிட்டும், குலைகளின் நிறையை ஏட்டில் ஏற்றியும் பதினோராண்டுகளைக் கழித்திருக்கிறோம். காலையில் வெள்ளைச் சட்டையோடு சென்று மாலையில் அதே வெண்மையோடு வீடு திரும்புவதைப் பெரும்பேறாக எண்ணியிருந்த நமக்கு, இரண்டாண்டுகளுக்கு முன்பு முழங்கால் சேற்றில் நின்று நில அளவை கற்க நேர்ந்தது. அப்போது நம் கையால் நிகழ்ந்த ஒரு பிழையை மறையாது எழுதுதல் நலமென்று தோன்றியபடியால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

தோட்டத்துப் பழைய லயங்கள் இடிந்து விழும் நிலையிலிருந்தன. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புப் பற்றி 1990-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று இந்நாட்டில் உண்டு. அதற்கிணங்க 24 புதிய வீடுகள் கட்டுவதென்று முதலாளிமார் முடிவு செய்தனர். எஞ்சியுள்ள ஆறு தமிழ்க் குடும்பங்களுக்கும், இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்துள்ள தொழிலாளருக்கும் அவ்வீடுகள் உரியவை. கட்டும் பொறுப்பு ஒரு குத்தகைக்காரரிடம் விடப்பட்டது. தோட்டத்தின் சார்பில் நாள்தோறும் வேலையிடஞ் சென்று, நடந்த வேலையை அளந்து, குறித்துவர ஓர் ஆள் வேண்டுமென்றார் மானேஜர். "கிராணி கணக்கில் கெட்டிக்காரராயிற்றே, அவரே போகட்டும்" என்றும் சொல்லிவிட்டார். அவ்வாறே நாமும் பட்டணத்திலுள்ள ஒரு தொழிற்கல்லூரியில், சனி ஞாயிறுகளில் நடைபெறும் கட்டுமான மேற்பார்வை வகுப்பிற் சேர்ந்தோம்.

முதல் வகுப்பிலேயே நம் கர்வம் சற்றுக் குலைந்தது. நாம் இடைநிலைப் பள்ளியிற் புகுந்தது 2003-ஆம் ஆண்டு. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற் போதிக்கப்பட வேண்டுமென்ற அரசாங்கக் கட்டளை நடைமுறைக்கு வந்த ஆண்டு அது. பின்னர்ப் படித்த படிப்பும் ஆங்கிலமே. சைன், கோசைன், டேன்ஜெண்ட் என்னும் சொற்களை மந்திரம்போல் ஒப்பிப்போம். பரீட்சையில் உயர்ந்த புள்ளிகளும் பெற்றோம். ஆயினும் கல்லூரி வாசலில் நின்ற ஒரு மரத்தைக் காட்டி, "இதன் உயரம் என்ன? ஏறாமற் சொல்லுங்கள்" என்று ஆசிரியர் கேட்டபோது, வகுப்பிலிருந்த பதினெண்மரில் மூவரே கை தூக்கினர். அம்மூவரில் நாம் இல்லை. மனப்பாடஞ் செய்த சொற்கள் மண்ணிற் கால் வைக்கும் வேளையில் நம்மைக் கைவிட்டன. அந்த மூவரும் கட்டட வேலையிடங்களில் கூலிகளாகத் தொடங்கியவர்கள் என்பதைப் பிற்பாடு அறிந்தோம்.

அவ்வகுப்பிற் கற்பித்தவை பல. கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்து என்ற அளவில் முடிச்சிட்டு முக்கோணமாக இழுத்தால் மூலை நேர்க்கோணமாகும் என்பதும், கட்டடத்தின் நான்கு மூலைக்கும் முளை அடித்தபின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து அவை சமமா என்று பாராமல் ஒரு மண்வெட்டியும் தரையிற் படக்கூடாது என்பதும் முதற் பாடங்கள். கான்கிரீட்டின் இளக்கத்தைப் பார்க்க 300 மில்லிமீட்டர் உயரமுள்ள கூம்பொன்றில் அதை நிரப்பிக் கூம்பை நேராக மேலே தூக்கி, எவ்வளவு சரிகிறதென்று அளப்பார்கள். அதே கான்கிரீட்டை 150 மில்லிமீட்டர்க் கட்டிகளாக வார்த்து நீரில் வைத்து, ஏழாம் நாளும் 28-ஆம் நாளும் நசுக்கி வலிமை காண்பார்கள். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எது தாமதித்தால் முழுக் கட்டடமும் தாமதிக்கும் என்று அட்டவணை போடுவதும் உண்டு. அட்டவணை போடுவது கிராணிக்குப் புதிதன்று. அதனை எளிதிற் கடந்துவிட்டோம். நம்மைத் தடுத்து நிறுத்தியது மட்டம் பார்க்கும் பாடமே.

மட்டம் பார்ப்பதென்றால் என்னவென்று அறியாத நேயர்கள் இருக்கலாம். ஓரிடம் மற்றோரிடத்தைவிட எவ்வளவு உயரம், எவ்வளவு தாழ்வு என்று காண்பதே அது. உயரமென்றால் எதிலிருந்து உயரம்? கடலிலிருந்து. கடலோ ஏறியும் இறங்கியும் கொண்டிருப்பது. ஆகவே கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை பத்தாண்டுகள் அலைமட்டத்தை அளந்து, அதன் சராசரியையே தீபகற்ப மலேசியா முழுமைக்கும் பூஜ்யமாக வைத்துள்ளனர். அந்தப் பூஜ்யத்திலிருந்து கணக்கிட்ட உயரங்கள் சாலையோரங்களில் மட்டக் கற்களாக நடப்பட்டிருக்கின்றன. நமது தோட்டத்துக்கு வெளியே பெருஞ்சாலையில் அத்தகைய கல்லொன்று உண்டு. பதினோராண்டுகளாக அதன்மேல் காலை வைத்துக் காலணியின் கயிற்றைக் கட்டியிருக்கிறோம். அது இன்னதென்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

முறை மிக எளிது. மூன்று கால்களின்மேல் மட்டக் கருவியை நிறுத்திக் குமிழியை நடுவில் கொண்டுவந்தால், அதன் தூரதரிசினி எப்பக்கம் திரும்பினும் ஒரே கிடைமட்டத்தில் நோக்கும். உயரம் தெரிந்த கல்லின்மேல் அளவுகோலை நிமிர்த்திப் பார்த்துப் படிப்பது பின்னோக்கு. அடுத்த புள்ளியில் கோலை வைத்துப் படிப்பது முன்னோக்கு. தெரிந்த உயரத்தோடு பின்னோக்கைக் கூட்டினால் கருவியின் உயரம் வரும்; அதிலிருந்து முன்னோக்கைக் கழித்தால் புதுப் புள்ளியின் உயரம். பிறகு கருவி முன்னே போகும். கோல் அங்கேயே நிற்கும். இப்படியே தத்தித் தத்திச் சென்று, இறுதியில் புறப்பட்ட கல்லுக்கே திரும்பிவர வேண்டும். வந்து சேர்ந்த உயரமும் புறப்பட்ட உயரமும் ஒன்றாக இருப்பது அரிது. சிறு வேறுபாடு வரும். அதற்கு மூடுபிழை என்று பெயர்.

இம்மூடுபிழை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு நமக்குக் கற்பித்த வாய்பாடு இது. நடந்த தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை 12-ஆற் பெருக்கினால் வருவதே மில்லிமீட்டரில் அனுமதிக்கப்படும் எல்லை. எல்லைக்குள் இருந்தால் பிழையை எல்லாப் புள்ளிகளுக்கும் முறையே பங்கிட்டுவிடலாம். எல்லை மீறினால் வேறு வழியில்லை. திரும்பவும் நடக்க வேண்டும். ஆசிரியர் மேலும் ஒன்று சொன்னார்: "களப்புத்தகத்தில் ரப்பர் கொண்டு அழிக்காதீர்கள். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடிட்டு அடித்து, மேலே சரியானதை எழுதுங்கள். அடித்த எண் படிக்கும்படி இருக்க வேண்டும்." அப்போது அதனைக் கையெழுத்துப் பற்றிய ஒரு சிறு கண்டிப்பென்றே எண்ணினோம்.

நிற்க. வேலையிடத்திற்கு ஒரு தற்காலிக மட்டப்புள்ளி வேண்டியிருந்தது. பெருஞ்சாலைக் கல்லிலிருந்து உயரத்தைக் கொண்டுவந்து, புதிய வீடுகள் எழும் திடலின் ஓரத்தில் கான்கிரீட்டில் பதித்த ஓர் ஆணியில் வைக்கும் காரியத்தைப் பொறியாளர் அம்மையார் நம்மிடம் ஒப்படைத்தார். இளவயது மலாய்ப் பெண்மணி. நம்மை 'என்சிக்' என்று மரியாதையாக அழைப்பவர். "என்சிக் கற்றுக்கொள்ள இது நல்ல வாய்ப்பு. மூடுபிழையை மட்டும் எனக்குக் காட்டுங்கள்" என்றார். போக 720 மீட்டர், வர 720 மீட்டர், ஆக 1.44 கிலோமீட்டர். வர்க்கமூலம் 1.2. அனுமதி 14.4 மில்லிமீட்டர்.

அன்று வெயில் கடுமை. போகும்போது கருவியை ஒன்பது இடங்களிலும் வரும்போது ஒன்பது இடங்களிலும் நிறுத்தினோம். கோல் பிடிக்க ஒரு வங்காளதேசத் தொழிலாளி உடன் வந்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு மரநிழலில் அமர்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தால், மூடுபிழை 103 மில்லிமீட்டர்!

மட்டம் பார்த்துப் பழகியவர்கள் இவ்வெண்ணைக் கண்டமாத்திரத்தில் உண்மையை அறிவார்கள். மூன்று மில்லிமீட்டர் கண்ணின் தளர்ச்சி. நூறோ, அளவுகோலில் ஒரு கட்டத்தைத் தவறாகப் படித்ததன் விளைவு. எங்கேயோ ஓரிடத்தில் 1.462 என்பதை 1.362 என்று படித்திருக்கிறோம். இதுவரை நாமும் சரியாகவே யோசித்தோம். அதன்பின் செய்ததுதான் கிராணி செய்யும் காரியம். மாதக் கடைசியில் காசுப்பெட்டி பதினேழு காசு குறைந்தால் அதைத் தேடி இராத்தூக்கத்தைக் கெடுப்பவன் கிராணியல்லன். சில்லறைச் செலவில் ஒரு வரி சேர்த்து இரு பக்கத்தையும் சமமாக்கிக் கோடிழுப்பவனே கிராணி. இரண்டு தொகைகளும் ஒன்றாக நின்றால் நமக்குள் ஓர் அமைதி பிறக்கிறது. அந்த அமைதி உண்மையிலிருந்து வந்ததா, பேனாவிலிருந்து வந்ததா என்று நாம் கேட்பதில்லை. திரும்பிவரும் வழியில் ஒரு முன்னோக்கு 1.285 என்றிருந்தது. அதனை அழித்து 1.385 என்று எழுதினோம். மூடுபிழை மூன்று மில்லிமீட்டராயிற்று. அம்மையார் பார்த்து, "மிக நன்று" என்றார்.

தவறு போகும் வழியில் நேர்ந்திருக்க, வரும் வழியில் நாம் திருத்தியதால், நடுவிலிருந்த ஆணியின் உயரம் பிழையோடு அப்படியே நின்றுவிட்டது. ஏட்டில் ஆணி உண்மையைவிட 100 மில்லிமீட்டர் உயரம். ஆகவே அதிலிருந்து அளந்து வைக்கப்படுவதெல்லாம் தரையில் 100 மில்லிமீட்டர் தாழ்வாகப் போய்விடும்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் ஆசிரியர், இந்தியப் பெருநில அளவையின் வரலாற்றைச் சொன்னார். வில்லியம் லாம்டன் என்பவர் 1802-ஆம் ஆண்டில் சென்னைக்கருகே பரங்கிமலையிலிருந்து தெற்கு நோக்கிச் சுமார் 7.5 மைல் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். அந்த ஒரு கோட்டின்மேல் முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே போய் நாட்டையே அளந்தார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல், அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட் கருவியைக் கயிற்றால் ஏற்றும்போது அது சுவரில் மோதிச் சேதமுற்றது. தென்னைகள் அடர்ந்த சமவெளியில் எட்டப் பார்க்கக் கோபுரங்களைத் தவிர உயரமான இடமேது? லாம்டன் அதை ஒளித்துவிடவில்லை. வளைந்த வட்டத்தைப் பல வாரங்கள் இழைத்து இழைத்துச் சீர்செய்து, அதன் பின்னரே அளவையைத் தொடர்ந்தார். நமக்கும் தஞ்சைக்கும் உறவுண்டு. பாட்டனார் அந்தச் சீமையிலிருந்து வந்தவர். ஆயினும் அன்று அக்கதையைக் கேட்கையில் உறவின் பெருமை தோன்றவில்லை, கன்னம் சுட்டது. சுட்டும், வாய் திறந்தோமில்லை.

வேலை நடந்தது. முதல் வரிசையில் நான்கு வீடுகளுக்கு அடித்தளக் கான்கிரீட் வார்த்தார்கள். வீடுகளின் பின்புறம் 60 மீட்டர் நீளமுள்ள ஒரு கால்வாய், தோட்டத்துப் பெரிய வாய்க்காலின் மதகில் போய்ச் சேர வேண்டும். அந்தத் தட்டை நிலத்தில் அதற்குக் கிடைத்த சரிவு 600-க்கு 1. அதாவது முழு நீளத்துக்கும் 100 மில்லிமீட்டரே. நாம் கொடுத்த ஆணியிலிருந்து முளைகள் அடித்துக் குழி வெட்டினார்கள். மறுநாள் கான்கிரீட் அச்சுகளை இறக்குவதென்று ஏற்பாடு.

அன்றிரவு நல்ல மழை. விடியற்காலையில் நாம் திடலுக்குப் போனபோது, குழியின் கரையில் பெரியவர் ஒருவர் குந்தியிருந்தார். தோட்டத்தில் நாற்பதாண்டுகள் கால்வாய்த் தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறர் முன்னிலையில் நம்மைக் 'கிராணி ஐயா' என்பார். தனியே இருந்தால் 'தம்பி' என்பார். நம் தகப்பனார் அவர் கையின்கீழ்க் கால்வாய் வெட்டியவர்.

"தம்பி, இந்தத் தண்ணீரைப் பாருங்க" என்றார்.

பார்த்தோம். மதகிலிருந்து தண்ணீர் குழிக்குள் வந்துகொண்டிருந்தது. வெளியேற வேண்டிய நீர் உள்ளே வருகிறது! மதகின் அருகே பெரியவர் கையை நீட்டி நனைத்தார். கட்டைவிரலோடு சேர்ந்த ஒரு கையகலம் நனைந்தது. அங்கிருந்து மேல்முனைவரை நீர் மெலிந்துகொண்டே போய், கடைசி வீட்டின் அருகே வெறும் ஈரமாக முடிந்தது. மேற்பரப்போ பளிங்கு விரித்தாற்போல் அசைவற்றிருந்தது.

"வெட்டு ஒழுங்காய்த்தான் இருக்குது. சரிவும் இருக்குது. ஆனா மொத்தக் குழியும் மதகுக்குக் கீழே உட்கார்ந்துட்டுது. மட்டம் கொடுத்தது யாரு?"

"நாம்தான், மாமா" என்றோம்.

அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயிற் போட்டுக்கொண்டார். சற்றுப் பொறுத்து, யாரையோ பற்றிச் சொல்லுகிறவர்போல், "உங்க அப்பா காலத்துல செயின் கணக்கு. கிராணி வருவாரு, அளப்பாரு. பதினோரு செயினும் ஒரு துண்டும் வெட்டியிருப்போம். துண்டை விட்டுட்டுப் பதினொன்னுன்னு எழுதுவாரு. கேட்டா, கணக்குச் சுத்தமா இருக்கணும்பாரு" என்றார்.

செயின் என்பது எட்மண்ட் குந்தர் என்னும் ஆங்கிலேயர் 1620-ஆம் ஆண்டுவாக்கில் வகுத்த 66 அடிச் சங்கிலி. அதில் 100 கண்ணிகள். எண்பது செயின் ஒரு மைல். பத்துச் சதுரச் செயின் ஓர் ஏக்கர். இந்நாட்டில் மீட்டர் வழக்கத்திற்கு வந்து பல்லாண்டுகளாகியும், பழைய தோட்டக்காரர் நாவில் செயின் இன்னும் மறையவில்லை. நாற்பது கண்ணியுள்ள ஒரு துண்டென்றால் 26 அடிக்குமேல். இடுப்பளவுச் சேற்றில் ஒருவன் அரைநாள் வெட்டும் நீளம். இந்தத் துண்டுகளை விட்டுவிடும் வழக்கம் நம் தகப்பனார் காலத்தோடு போய்விடவில்லை. பதினோராண்டுகளாகத் தண்டல் கொண்டுவரும் அளவுச் சீட்டுகளை முழு எண்ணாக்கியே நாமும் ஏட்டில் ஏற்றி வந்தோம். எவரும் அவ்வாறு செய்யும்படி நமக்குக் கட்டளையிடவில்லை. முன்பிருந்தவர் செய்தார், நாமும் செய்தோம்.

அன்று மாலை கருவியை எடுத்துக்கொண்டு தனியே போனோம் என்று எழுத ஆசை. அளவுகோல் பிடிக்க ஓர் ஆள் இன்றி மட்டம் பார்க்க முடியாது. பெரியவரே வந்து பிடித்தார். கோலைச் சிறிதும் சாயாமல் பிடிப்பதில் அவருக்கு நிகர் நாம் பார்த்ததில்லை. பாதத்தைக் கல்லின் இருபுறமும் ஊன்றி, உள்ளங்கைகளுக்கு நடுவில் அதனைத் தாங்கி நிற்பார். கருவிக்கும் இரு பக்கத்துப் புள்ளிகளுக்கும் தூரம் சமமாயிருக்கும்படி ஒவ்வொரு தடவையும் காலடியால் எண்ணினோம். கருவியின் நோக்கு சற்றே மேலோ கீழோ சாய்ந்திருப்பினும், இரு தூரமும் சமமானால் அந்தப் பிழை பின்னோக்கிலும் முன்னோக்கிலும் ஒரே அளவாக ஏறி, கழிக்கும்போது ஒழிந்துபோகும். இதை அவருக்கு விளக்கியபோது, "தராசுக் கோல் மாதிரி" என்றார். போகும் வழியில் மூன்றாவது இடத்தில் வந்தது அந்த 1.462. முன்னைய புத்தகத்தில் 1.362. ஒரு புதர்க்கிளை அங்கே அளவுகோலின் எண்ணை மறைத்திருந்தது. எண்ணைக் காணாமல் கட்டத்தை மட்டும் எண்ணிப் படித்திருக்கிறோம். இருட்டும் வேளையில் மூடுபிழை நான்கு மில்லிமீட்டர்.

இரவு முழுவதும் இரண்டு வழிகள் கண்முன் நின்றன. ஒன்று, ஆணியை யாரோ வண்டியால் இடித்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுவது. வேலையிடத்தில் இது நாள்தோறும் நிகழ்வது, யாரும் ஐயுறமாட்டார்கள். எல்லைக் கல்லை அசைப்பது 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டப்படி குற்றம். நம் ஆணிக்கோ அத்தகைய பாதுகாப்பில்லை. மண்வாரி இயந்திரம் ஓட்டும் இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர்மேல் பழி தானாகவே போய் விழும். அவரும் வாய் திறந்து மறுக்கமாட்டார். மற்றொரு வழி இன்னதென்று நேயர்கள் அறிவார்கள். முதல் வழியை நாம் வெகுநேரம் யோசித்தோம் என்பதை ஒளிக்கப் போவதில்லை. நம்மைத் தடுத்தது நற்குணமென்று சொல்வதற்கில்லை. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரில் பெருவெள்ளம் வந்தபோது, நமது பழைய லயங்களில் தண்ணீர் நின்ற கறை இன்னும் சுவரில் இருக்கிறது. புதிய வீடுகளின் தளம் அக்கறைக்கு மேல் 300 மில்லிமீட்டர் உயரத்தில் அமைய வேண்டுமென்று வரைபடத்தில் எழுதியிருந்தது. நம் ஆணியை நம்பினால் 200 தான் மிஞ்சும். அவ்வீடுகளில் ஒன்று நம் தாயாருக்கு ஒதுக்கப்பட்டது. அவ்வெள்ளத்தின்போது அவரை மேசைமேல் ஏற்றி அமர்த்தியிருந்தோம்.

காலையில் இரு களப்புத்தகங்களையும் அம்மையாரின் மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னோம். அவர் பழைய புத்தகத்தை வெளிச்சத்திற்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். ரப்பரால் அழித்த இடத்தில் தாள் மெலிந்து ஒளி ஊடுருவியது. "என்சிக், 103 என்று என்னிடம் சொல்லியிருந்தால் அன்று மாலைக்குள் முடிந்திருக்குமே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பிறகு பேனாவை நம்மிடம் தந்து, 1.385-ஐ ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே 1.285 என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் இடச் செய்தார். போகும் வழியிலிருந்த 1.362-ஐ மாற்ற விடவில்லை. "அது அன்று நீங்கள் படித்தது. அது அப்படியே இருக்கட்டும். பக்கத்தின் அடியில், இது நிராகரிக்கப்பட்டது, புதிய அளவை இன்ன பக்கத்தில் என்று எழுதுங்கள்" என்றார்.

பின்னர் வந்தது செலவுக் கணக்கு. குழி ஆழமாகிவிட்டதென்று வெட்டிய மண்ணையே திரும்பப் போட்டு நிரப்பலாகாது. தளர்ந்த மண் நாளடைவில் அமர்ந்து கால்வாயை முறித்துவிடும். மெலிந்த கான்கிரீட்டினால் நிரப்ப வேண்டும். 60 மீட்டர் நீளம், 0.6 மீட்டர் அகலம், 0.1 மீட்டர் கனம், ஆக 3.6 கன மீட்டர். நான்கு வீடுகளின் அடித்தளங்களை உடைக்க வேண்டியதில்லை. அவற்றின் மேல் நிற்கும் கட்டைத் தூண்களை 100 மில்லிமீட்டர் உயர்த்தினாற் போதும். இதற்கெல்லாம் ஆறு நாள் பிந்தியது. குத்தகைக்காரர் கூடுதற் பணம் கேட்டு எழுதிய கடிதத்தைத் தட்டச்சில் பதிந்து கோப்பில் வைத்ததும் நாமே. அவ்வாண்டு நமக்குப் போனஸ் இல்லை. மானேஜர் சில வாரங்கள் முகங்கொடுத்துப் பேசவில்லை. இவற்றை அநியாயமென்று நாம் சொல்லமாட்டோம்.

நம்மவர் சிலர் இதைக் கேட்டு, "காரியாலயத்தில் கௌரவமாக உட்கார்ந்திருந்தவனுக்கு இந்தச் சேற்று வேலை எதற்கு?" என்று கேட்டனர். பேனா பிடிப்பவன் உயர்ந்தவன், மண்வெட்டி பிடிப்பவன் தாழ்ந்தவன் என்னும் எண்ணம் நம்மிடையே எவ்வளவு வேரூன்றிவிட்டது! 1885-ஆம் ஆண்டு தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது. அதைப் போட இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வரவழைக்கப்பட்டது. தொடர்ந்து யாழ்ப்பாணத் தமிழர் பலர் இரயில்வேயிலும் நில அளவையிலும் உத்தியோகம் பார்த்தனர். அவர்கள் காட்டிலும் சதுப்பிலும் கருவி சுமந்தே பேர் பெற்றனர். அவர்கள் வாங்கிய ஓய்வூதியத்தைப் பேசும் நாம், அட்டை கடித்த கால்களைப் பேசுவதில்லை. நமது வீட்டிலேயே, சட்டையில் சேறு பட்டதைக் கண்டு முதலில் முகஞ்சுளித்தவர் நம் தாயார்தாம். கால்வாய் வெட்டியவரின் மனைவி அவர். மகனாவது சேற்றை மிதிக்காதிருக்க வேண்டுமென்றே நம்மைப் படிக்கவைத்தார். அவரிடம் என்ன வாதாடுவது?

வகுப்பை முடித்துச் சான்றிதழும் பெற்றோம். அதனால் நாம் நில அளவையாளர் ஆகிவிடவில்லை. நிலப்பட்டாவுக்கு எல்லை அளப்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற அளவையாளருக்கே உரியது. நம்முடையது கட்டட வேலைக்கு முளை அடிக்கும் அறிவு மட்டுமே. இன்னமும் தோட்டக் கிராணிதான். ஒரு மாற்றம் உண்டு. கால்வாய் தூர்வாரும் குத்தகை அளவுகளை இப்போது தண்டலின் சீட்டிலிருந்து எழுதுவதில்லை. நாடா எடுத்துக்கொண்டு நாமே போகிறோம். முதல் மாதத்தில் வங்காளதேசத் தொழிலாளர் எழுவர் வெட்டிய கால்வாய் 231.4 மீட்டர் வந்தது. முன்பானால் 230 என்று எழுதியிருப்போம். அன்று மட்டம் பார்த்தபோது நமக்குக் கோல் பிடித்தவரும் அவ்வெழுவரில் ஒருவர். அவர் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, இந்தப் புள்ளி நான்கு என்னவென்று மலாயில் கேட்டார். நாடாவை விரித்து, நாற்பது சென்டிமீட்டர் இவ்வளவென்று தரையில் காட்டினோம். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

பழைய ஏடுகளை எடுத்துப் பதினோராண்டுத் துண்டுகளைக் கூட்டிப் பார்க்கலாமென்றால் முடியவில்லை. அளவுச் சீட்டுகளை ஆண்டுதோறும் எரித்துவிடுகிறோம். எஞ்சியிருப்பது ஏடு மட்டுமே. அதில் எல்லாம் முழு எண்கள். வெட்டியவர்களிற் பலர் தத்தம் ஊருக்குப் போய்விட்டனர். நம் தகப்பனார் காலத்து ஏடுகளும் அலமாரியில் இருக்கின்றன. ஒன்றை எடுத்து அவர் பெயரைத் தேடினோம். 1996-ஆம் ஆண்டு, ஒரு மாதம், பதினொரு செயின். கீழே அழகான கோடு, இரு பக்கமும் சமம்.

புதிய வீடுகளில் குடியேறி ஒரு மழைக்காலம் கழிந்தது. முதல் பெருமழையன்று பெரியவரும் நாமும் குடை பிடித்துக்கொண்டு பின்புறக் கால்வாயைப் பார்க்கப் போனோம். கடைசி வீட்டருகே அவர் ஒரு பலாச்சருகைத் தண்ணீரில் போட்டார். அது மெதுவாகத்தான் போயிற்று. 600-க்கு 1 சரிவில் வேறெப்படிப் போகும்? மூன்றாம் வீட்டின் பின்னால் சற்றே தங்கிச் சுழன்றது. பெரியவர் நம்மைப் பார்த்தார். நாம் குனிந்து பார்த்தபோது, அச்சுகள் இரண்டு கூடும் இடத்தில் யாரோ சிமெண்டை வழிக்காமல் விட்டிருந்தார்கள்; மட்டத்தின் தவறன்று. சருகு விடுபட்டு மதகை நோக்கிச் சென்றது. மறுநாள் உளியொன்று கொண்டுவந்து அந்தச் சிமெண்டைச் செதுக்கி எடுத்தோம்.